காய்ந்த பல்லின் நிறம்

போட்டோவைப் பார்த்த மூன்றாவது நொடியிலேயே பெரிய மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பற்கள் காய்ந்துபோயிருக்கின்றன என்று.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாமியார் வீடு. சாப்பாட்டு மேசையில் தட்டுகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை. சின்ன மாப்பிள்ளை தன் போனை மேசைக்குக் குறுக்கே நீட்டி, "பாருங்கண்ணே, பெரிய டாக்டரம்மா கேஸு. மேல நடு முன்பல்லு ரெண்டும். மொத தடவையா எனக்குத் தனியா அனுப்பிருக்காங்க" என்றான். பெரிய மாப்பிள்ளை கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். பல்லை விட்டுவிட்டு ஈறைப் பார்த்தார். ஈறில் மினுமினுப்பு இல்லை. பக்கத்துப் பற்களின் நுனியில் சாக்பீஸ் பூசியதுபோல ஒரு வெளுப்பு. நிறம் ஒத்துப்பார்க்கக் கூடவே பிடித்திருந்த மாதிரிப் பல்லில் ஏ-ஒன் என்று இருந்தது, அந்த வரிசையிலேயே மிக வெளுத்த நிறம். ஏ-ஒன்னாவது ஒன்றாவது! அந்த வாய் மூடி, எச்சில் ஊறி, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் ஏ-டூவையும் தாண்டிப் போய் நிற்கும்.

பல் ஈரத்தில் வாழ்கிற பொருள். உதட்டை இழுத்துக் கிளிப் மாட்டி, அரை மணி நேரம் வாயைத் திறந்தே வைத்து வேலை பார்த்தால் காற்றுப் பட்டுக் காயும். காய்ந்தால் வெளுக்கும். வெளுத்த பல்லைப் படம் பிடித்தால் படம் பொய் சொல்லும். பெரிய டாக்டரம்மா கெட்டிக்காரர்தான், ஆனால் வேலையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் போட்டோ எடுப்பார். பதினோரு வருடமாக அப்படித்தான். பதினோரு வருடமாகப் பெரிய மாப்பிள்ளையும் அந்தப் படங்களைப் பார்த்து, சீட்டில் எழுதியிருக்கிற நிறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒன்றரை நிறம் மங்கலாக இறக்கிப் பீங்கானைச் சுட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை.

"எப்படிண்ணே இருக்கு?" என்றான் சின்ன மாப்பிள்ளை.

மேசையைச் சுற்றி எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். மாமனார், மாமியார், மனைவி, மனைவியின் தங்கை. இந்த வீட்டில் அவர் வாயை எல்லோரும் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

"போட்டோ தெளிவா இருக்கு" என்றார் பெரிய மாப்பிள்ளை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

அது பொய்யில்லை. போட்டோ தெளிவாகத்தான் இருந்தது.

பொறாமை என்று சொன்னால் பெரிய மாப்பிள்ளை ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்கென்னங்க பொறாமை, அவன் நல்லா இருந்தா எனக்குத்தானே பெருமை" என்பார். சொல்லும்போதே கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும். பல் செய்யும் லேபில் அவனைக் கொண்டுவந்து சேர்த்ததே அவர்தான். மாமனார், "சின்னவருக்கு ஒரு வழி பண்ணுங்க மாப்பிள்ளை" என்று கேட்டுக்கொண்டதற்காக முதலாளியிடம் சிபாரிசு செய்தார். ஒன்பது வருடம் அவருடைய மேசைக்குப் பின்மேசையில் உட்கார்ந்து கடைவாய்ப் பல் செய்தான். முன்பல் பெரிய மாப்பிள்ளைக்கு, கடைவாய்ப் பல் சின்ன மாப்பிள்ளைக்கு. லேபில் யாரும் இதைச் சட்டமாகப் போடவில்லை. பெரிய மாப்பிள்ளையின் முதுகே போட்ட சட்டம் அது. பீங்கான் மாவைக் குழைக்கும்போதும் நிறம் சேர்க்கும்போதும் அந்த முதுகு லேசாகத் திரும்பிக்கொள்ளும். பின்மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் சட்டைதான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்ன மாப்பிள்ளை எங்கோ ஒரு வார இறுதி வகுப்புக்குப் போய்விட்டு வந்தான். அன்றிலிருந்து பிடித்தது சனி. "நீயே ஒரு கம்பெனி. உனக்கு நீதான் முதலாளி. சம்பளம் குடுக்கறவர் உன் முதல் கஸ்டமர், அவ்வளவுதான்" என்று இதே சாப்பாட்டு மேசையில் வைத்து விளக்கினான். மாமனார் வாயைப் பிளந்து கேட்டார். "அப்ப லீவு லெட்டரை யாருக்கு எழுதுவ?" என்று கேட்டார் பெரிய மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். சின்ன மாப்பிள்ளையும் சிரித்தான். அதுதான் அவனிடம் எரிச்சலூட்டுகிற விஷயம். எதைச் சொன்னாலும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் தன் வேலையைத் தொடர்வான்.

ஒரு நோட்டு போட்டான். எந்த டாக்டருக்குப் பல் இறுக்கமாக உட்கார வேண்டும், எந்த டாக்டருக்குக் கொஞ்சம் தளர்வாக, யார் சீட்டில் எழுதுவதை அப்படியே செய்ய வேண்டும், யாரை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அதில் பக்கம் பக்கமாக எழுதினான். விடுமுறை நாளில் கம்ப்யூட்டரில் பல் வரையக் கற்றுக்கொண்டான். கிளினிக் கிளினிக்காகப் போய், "உங்க கடைவாய்ப் பல்லெல்லாம் நான்தாங்க செய்யறது, ஏதாவது குறை இருந்தா சொல்லுங்க" என்று நின்றான். குறை கேட்டுப் போகிற மனிதனை உலகத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்? டாக்டர்கள் மயங்கிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் வேலையை விட்டு, செருப்புக் கடைக்கு மாடியில் ஓர் அறையெடுத்து, ஒரு சின்னச் சூளையும் இரண்டு மேசையுமாகத் தனியாக உட்கார்ந்துவிட்டான். அனுப்புகிற ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு சிறிய அட்டை வைத்தான். அதில் அவன் பெயர், போன் நம்பர், கீழே 'இந்தப் பல்லைச் செய்தவர்' என்று அச்சடித்திருந்தது.

அந்த அட்டைதான் பெரிய மாப்பிள்ளையின் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அவருடைய மனைவி, தங்கை கொடுத்தாள் என்று அதைக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். தண்ணீர் எடுக்கப் போனால் அட்டை. பால் எடுக்கப் போனால் அட்டை. 'இந்தப் பல்லைச் செய்தவர்.' இருபத்திரண்டு வருடம் பல் செய்தவர் அவர். எத்தனை ஆயிரம் வாய்களில் அவர் பல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஒரு வாயைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. அவரிடம் வருவது பாரிஸ் சாந்து மாதிரியான மாவுக்கல்லில் எடுத்த அச்சும், ஒரு நிற நம்பரும், ஒரு படமும். போவது லேப் பெயர் போட்ட டப்பா.

"நீங்களும் ஒண்ணு அடிச்சா என்னவாம்?" என்றாள் மனைவி ஒருநாள்.

"கல்யாண வீட்ல பந்தி பரிமாறறவன் நெத்தியில பேரு எழுதிக்கிட்டா நிக்கறான்?"

"அவன் எழுதிக்கிட்டு நிக்கறான். ஆளுங்க அவனைத்தான் கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். தங்கை புருஷனைப் பற்றிப் பேசும்போது அவள் குரலில் ஒரு வெட்டு இருக்கும். அவளுக்கும் எரிந்தது. அக்காளும் தங்கையும் பிறந்ததிலிருந்து ஒரே தராசில் நின்றவர்கள். இப்போது எதிர்த்தட்டு கீழே போவதை அவளும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கப் பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. திங்கட்கிழமை அவன் பீங்கானைக் குழைப்பான். செவ்வாய் சுடுவான். புதன்கிழமை மெருகேற்றுவான். வியாழக்கிழமை டாக்டரம்மா அதை எடுத்து வாயில் வைப்பார். சுவரில் புதிதாகப் பூசிய இடம்போல இரண்டு பல் மட்டும் பளீரென்று தெரியும். அந்தக் காட்சியை அவர் பேருந்தில் ஒருமுறை பார்த்தார், குளிக்கும்போது ஒருமுறை பார்த்தார். நடுவில் ஒருதரம், செவ்வாய்க்கிழமை மதியம், போனை எடுத்து அவன் நம்பரைக்கூடத் தேடினார். 'ஒன்றரை இறக்கிக்கோ' என்று இரண்டு வார்த்தை. அவன் பெயருக்குப் பக்கத்தில் சின்ன வட்டத்தில் அவன் சிரித்துக்கொண்டிருக்கும் படம் வந்தது, சூளைக்குப் பக்கத்தில் கை கட்டிக்கொண்டு. போனைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அதற்கு நியாயமும் இல்லாமல் இல்லை. லேப் முதலாளி புதன்கிழமை அவர் மேசைக்கு வந்து நின்றார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "டாக்டரம்மா சின்னவருக்கு ஒரு முன்பல் கேஸு குடுத்துப் பாக்கறாங்களாம், தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"அது நல்லா வந்துச்சுன்னா மொத்த முன்பல்லும் அந்தப் பக்கம் போயிடும். அவங்க முன்பல் போனா உங்க மேசையில பாதி வேலை போச்சு. உங்களை நான் கடைவாய்ப் பல்லுக்கு மாத்தணும். இந்த வயசுல உங்களைப் போய் அப்படிச் சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கும்" என்றார் முதலாளி. பிறகு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஆறுதலுக்குத் தட்டியதுதான், ஆனால் பெரிய மாப்பிள்ளை கையிலிருந்த தூரிகை நழுவி, காலையிலிருந்து கட்டிய ஒரு பல்லின் நுனி சரிந்தது. அதை வழித்தெடுத்து மறுபடி கட்டினார்.

முன்பல் வேலை என்றால் சும்மா இல்லை. எந்தப் பல்லும் பிறந்தபடியே இருக்காது என்பது பெரிய மாப்பிள்ளையின் கட்சி. காபி குடித்திருக்கும், நகம் கடித்திருக்கும், எங்கேயாவது இடித்துக்கொண்டிருக்கும். அதனால் அவர் செய்கிற முன்பல்லில், ஓரமாக, கொஞ்சம் பழுப்புக் கலந்து மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் வைப்பார். சூளைக்குள் போகும் முன்னால் ஒற்றை முடித் தூரிகையால் போடுகிற கோடு அது. கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாலும் தெரியாது. ஆனால் அது இல்லாவிட்டால், ஏதோ குறைகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அந்தக் கீறலுக்கும் அட்டை கிடையாது.

வியாழக்கிழமை மாலை மனைவி போனில் தங்கையுடன் பேசிக்கொண்டிருந்தாள். "ஐயையோ... அப்படியா... சரி சரி, அழாத" என்பது மட்டும் கூடத்தில் கேட்டது. பெரிய மாப்பிள்ளை டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"என்னவாம்?"

"பல்லு ரெண்டும் ரொம்ப வெள்ளையா போச்சாம். டாக்டரம்மா திருப்பி அனுப்பிட்டாங்களாம். பாவம், இவ அழறா."

"அடடா" என்றார் பெரிய மாப்பிள்ளை. எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முகத்தை அவளுக்குக் காட்ட முடியவில்லை, அதில் சிரிப்பு வந்துவிட்டது. அன்று அவர் இரண்டு வாய் கூடவே சாப்பிட்டார். படுத்தவுடன் தூங்கிவிட்டார். அப்படித் தூங்கி ஆறு மாதம் ஆகியிருக்கும்.

ஆனால் அல்ப சந்தோஷத்துக்கு ஆயுசு எவ்வளவு? திங்கட்கிழமைக்குள் அடுத்த செய்தி வந்துவிட்டது. சின்ன மாப்பிள்ளை, திரும்பி வந்த டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே கிளினிக்குக்குப் போய்விட்டானாம். "தப்பு என்னுது மேடம். படத்தை மட்டும் நம்பிட்டேன், ஆளைப் பாக்கணும்" என்றானாம். பல் கட்ட வேண்டியவரை வரவழைத்து, ஜன்னலோரம் உட்கார வைத்து, தானே நிறம் பார்த்து, இரண்டு நாளில் புதிதாகச் செய்து கொடுத்துவிட்டானாம். கச்சிதமாகப் பொருந்திவிட்டதாம். இத்தனை வருடத்தில் எந்த லேப் ஆளும் என் கிளினிக்குக்கு வந்து என் தப்பு என்று சொன்னதில்லை என்று டாக்டரம்மா நெகிழ்ந்துபோய், கையோடு இன்னும் இரண்டு கேஸ் கொடுத்து அனுப்பினாராம்.

பெரிய மாப்பிள்ளை கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். தப்பே செய்யாமல் பதினோரு வருடம் இருந்தவனை யாருக்கும் தெரியவில்லை. ஒரு தப்புச் செய்தவனுக்கு இரண்டு கேஸ்! இதென்ன நியாயம்? விழுந்தாலும் அவன் மெத்தைமேல்தான் விழுவான் போலிருக்கிறது. அந்த மெத்தையை, வாயைத் திறக்காமல் இருந்து, தானே எடுத்துப் போட்டோம் என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அன்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் பல் முதல் தடவையே பொருந்தியிருக்கும், அவன் கிளினிக்குக்குப் போயிருக்கவே மாட்டான், டாக்டரம்மாவும் நெகிழ்ந்திருக்க மாட்டார். யோசிக்க யோசிக்க அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அது சொல்லாமல் விட்ட பாவத்துக்கான ஆத்திரமில்லை, சொல்லாமல் விட்டது பலிக்காமல் போனதற்கான ஆத்திரம்.

செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில் சின்ன மாப்பிள்ளை லேபுக்கு வந்தான். உள்ளே வரவில்லை. பின்பக்கப் படிக்கட்டில், மாவுக்கல் தூசியைத் தட்டிவிட்டுக்கொள்ள எல்லோரும் போய் நிற்கிற இடத்தில் காத்திருந்தான். கையில் ஒரு சின்ன டப்பா. திறந்து காட்டினான். திரும்பி வந்த இரண்டு பற்களும் பஞ்சின்மேல் பளீரென்று கிடந்தன. வெயிலில் பார்க்கும்போது இன்னும் வெள்ளை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளு."

"அன்னைக்கு நீங்க போட்டோவைப் பெருசு பண்ணி, பல்லைப் பாக்கல, ஈறைப் பாத்தீங்க. இவரு ஏன் ஈறைப் பாக்கறாருன்னு வீட்டுக்குப் போற வழியெல்லாம் யோசிச்சேன். அப்புறம் சந்தோஷத்துல விட்டுட்டேன்." டப்பாவை மூடினான். "தெரிஞ்சிருந்துச்சு, இல்ல?"

இல்லை என்று சொல்ல வார்த்தை தயாராக இருந்தது. பெரிய மாப்பிள்ளை சட்டைக் கையிலிருந்த தூசியைத் தட்டினார். தூசி போகவில்லை, இன்னும் பரவியது.

"தெரிஞ்சிருந்துச்சு" என்றார்.

கத்துவான் என்று எதிர்பார்த்தார். குறைந்தது, மாமனார் வீடு வரைக்கும் இதைக் கொண்டுபோவான் என்று எதிர்பார்த்தார். சின்ன மாப்பிள்ளை படியில் உட்கார்ந்துகொண்டான். "நான் ஒண்ணு சொல்றேன், அதையும் கேட்டுக்குங்க. காய்ஞ்ச பல்லுதான் காரணம்னு டாக்டரம்மாகிட்ட விளக்கினப்ப, அவங்க ஒரு கேள்வி கேட்டாங்க. 'பதினோரு வருஷமா நான் இதே மாதிரிதானே போட்டோ அனுப்பறேன். லேப்ல இருந்து ஒரு பல்லுகூட வெள்ளையா வந்ததில்லையே. அங்க யாருப்பா பண்றது?'ன்னு."

பெரிய மாப்பிள்ளையின் கை, தூசி தட்டுவதை நிறுத்தியது. "நீ என்ன சொன்ன?"

"'லேப்ல நிறைய பேர் இருக்காங்க மேடம்'னு சொன்னேன்."

கீழே தெருவில் யாரோ வண்டியைப் பின்னால் எடுக்க, இன்னொருவர் 'வா வா வா' என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்க பேரு தொண்டை வரைக்கும் வந்துச்சுண்ணே. வெளிய வரல. ஒம்போது வருஷம் உங்க முதுகைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு முன்பல்லு குடுத்தீங்களா? சூளையில வெச்சுட்டு நீங்க பாத்ரூம் போற நேரத்துல, உங்க மேசைக்கு வந்து தட்டுல ஒட்டியிருக்கற நிறத்தைத் தொட்டுப் பாப்பேன். என்ன கலந்தீங்கன்னு புரியாது. வீட்டுக்குப் போய் இவகிட்ட எரிஞ்சு விழுவேன். கிளினிக் கிளினிக்கா அலைஞ்சேனே, எதுக்குன்னு நெனைக்கறீங்க? கையால உங்களை ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. காலாலயாவது ஜெயிக்கலாம்னுதான்."

பெரிய மாப்பிள்ளை இவ்வளவு காலம் தான் மட்டுமே வெந்துகொண்டிருந்ததாக நினைத்திருந்தார். இவனும் வெந்திருக்கிறான். கேட்கக் குளுகுளுவென்று இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அடுத்த நொடியே இன்னொன்று குத்தியது. இதைக்கூட அவனே முதலில் வந்து சொல்லிவிட்டானே! ஒத்துக்கொள்வதிலும் முந்திக்கொண்டானே!

"இப்ப வந்து எதுக்கு இதைச் சொல்ற?"

"இனிமே நான் போய்ச் சொன்னா, அன்னைக்கே ஏன் சொல்லலைன்னு கேப்பாங்க. நீங்கதான் போகணும்."

"போய்? என்னன்னு சொல்றது? நான் ரொம்ப நல்லா பல்லு செய்வேன்னா?"

"ஆமா. அதைத்தான்."

"வெக்கமா இருக்காது?"

"இருக்கும். நான் மொத கிளினிக்குக்குப் போனப்ப வேர்த்துக் கொட்டுச்சு. ரிசப்ஷன்ல அந்தப் பொண்ணு 'பல்லு வலியா சார்?'னு கேட்டுச்சு. வாய்ல வேற எதுவும் வரல, ஆமான்னுட்டேன். உள்ள கூட்டிட்டுப் போய்ப் பல்லைச் சுத்தம் பண்ணி அனுப்பிட்டாங்க."

பெரிய மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சின்ன மாப்பிள்ளையும் சிரித்தான். சிரித்து முடித்ததும் எழுந்து, பின்புறத்தைத் தட்டிக்கொண்டு, "நீங்க போனா எனக்கு வர்ற கேஸு குறையும். தெரிஞ்சேதான் சொல்றேன். வீட்டுக்குப் போனதும் ஏன்டா சொன்னோம்னு இருக்கும். அதுக்குள்ள கிளம்பறேன்" என்று இரண்டிரண்டு படியாக இறங்கிப் போனான். டப்பாவைப் படியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அடுத்த சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. பெரிய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"பல் டாக்டர்கிட்ட."

"பல்லு வலியா? சொல்லவேயில்ல?"

"ம்" என்றார். ஃப்ரிட்ஜில் அந்த அட்டை இருந்தது. தண்ணீர் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

பதினோரு வருடமாகச் சீட்டில் மட்டுமே பார்த்திருந்த முகவரி. இரண்டாவது மாடி, கண்ணாடிக் கதவு. ரிசப்ஷனில் ஒரு பெண் நிமிர்ந்து, "வாங்க சார், பல்லு வலியா?" என்றாள். வருகிற வழியெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. 'உங்க டாக்டர் வெக்கற முன்பல்லெல்லாம் நான் செய்யறது.' அவ்வளவுதான். எத்தனை சின்ன வாக்கியம்! வாயைத் திறந்தார். "ஆமாம்மா" என்றார். அவள் ஓர் அட்டையில் படிவத்தைச் செருகிப் பேனாவோடு கொடுத்தாள். படிக்கட்டில் சின்ன மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அவருக்கு இப்போது நினைவு வந்து காது சுட்டது.

காத்திருக்கும் நாற்காலிகளில் எதிரே ஒரு பெண்மணி மட்டும் இருந்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் கைப்பை. போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். பெரிய மாப்பிள்ளை படிவத்தைப் பார்த்தார். பெயர். எழுதினார். வயது. எழுதினார். என்ன தொந்தரவு? பேனா அங்கே நின்றது. அதை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். எத்தனை நாளாக? யோசிக்காமலே கை எழுதியது: பதினோரு வருடம்.

எதிரே அந்தப் பெண்மணி வாய்விட்டுச் சிரித்தார்.

பெரிய மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். மேல் வரிசையில், நடுவுக்கு இடப்பக்கப் பல். அதை ஒட்டியிருந்த பல் கொஞ்சம் கோணலாகத் திரும்பி நின்றது. அந்தக் கோணல் அவருக்குத் தெரியும். மாவுக்கல்லில் அதை விரலால் தடவியிருக்கிறார். நான்கு வருடம் இருக்கும், ஐந்தாகவும் இருக்கலாம். ஆணா பெண்ணா என்றுகூட அன்று தெரியாது. அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். பல் ஈரமாக இருந்தது. பக்கத்துப் பல்லின் ஈரமும் அதன் ஈரமும் ஒன்றாக மின்னின. எது பிறந்தது, எது சூளையில் சுட்டது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஓரத்தில், அவர் போட்ட இடத்திலேயே, அவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அந்தக் கீறல் இருந்தது.

அந்தப் பல்மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. எத்தனை வீட்டுக்குப் போய் வந்திருக்கும். எத்தனை பேர் அதை நேருக்கு நேர் பார்த்துப் பேசியிருப்பார்கள். அவருடைய கையிலிருந்து பஞ்சில் சுற்றிப் போனது, இவ்வளவு வெளிச்சத்தில் உட்கார்ந்து சிரிக்கிறது.

யாரோ தன் வாயையே உற்றுப் பார்ப்பதை அந்தப் பெண்மணி கவனித்துவிட்டார். சிரிப்பு நின்றது. உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டார். உள்ளே கதவு திறந்து, "அடுத்தது யாரு?" என்று டாக்டரம்மாவின் குரல் கேட்டது. ரிசப்ஷன் பெண், "சார், நீங்க போறீங்களா? அவங்க சும்மா காட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காங்க" என்றாள்.

பெரிய மாப்பிள்ளை எழுந்தார். படிவத்தில் 'என்ன தொந்தரவு?' என்ற வரி இன்னும் காலியாக இருந்தது. படிவத்தைக் கையில் பிடித்தபடி, அந்தப் பெண்மணியின் கை வாயிலிருந்து இறங்குவதற்காக நின்றுகொண்டிருந்தார்.